நாலாம் பட்டனில் சத்தம் இல்லை

ஜூலை 5, ஞாயிறு

…அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை, ஆண்டவரே. நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர். ஐயரம்மா முகத்துக்கு நேரே "சீ" என்று வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பால் சொசைட்டியில் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து இதில் எழுதுகிறேன்.

புதிதாக மாற்றலாகி வந்த போதகரை ஊர் வழக்கப்படி எல்லாரும் ஐயர் என்கிறோம், அவர் மனைவியை ஐயரம்மா. வேலூர்க்காரி, எப்சிபா என்று பேர், முப்பத்திரண்டு வயது இருந்தால் அதிகம். வாய்ப்பேச்சில் "அவர்கள்" என்றுதான் சொல்கிறேன். உம்மிடம் எழுதும்போது மட்டும் "அவள்" என்று வந்துவிடுகிறது, மன்னியும். அவள் என்னை ஆன்ட்டி என்கிறாள். ஐம்பத்தாறு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சோப்புக் கம்பெனிப் பேர் மாதிரி இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவை நிற்க வைத்து ஒரு கறுப்புக் கட்டையைப் பையிலிருந்து உருவினாள். இரண்டு முழ நீளம். "இதுக்கு மிடி கீபோர்டுன்னு பேரு ஆன்ட்டி" என்றாள். மிடி என்றால் பெண்பிள்ளைகள் முழங்கால் தெரியப் போடுகிற பாவாடை. அந்தப் பேரில் ஒரு சாமானைக் கொண்டுவந்து பீடத்துக்குப் பத்தடியில் வைத்திருக்கிறாள்.

தட்டிப் பார்த்தேன். டக் டக் என்றது. அவ்வளவுதான்.

"அதுல சத்தம் கிடையாது ஆன்ட்டி. வாத்தியம் எல்லாம் லேப்டாப்புக்குள்ள இருக்கு. இந்தப் பட்டனைத் தட்டுனா, எந்த வாத்தியம் வேணும்னு இது அதுக்குச் சொல்லும்."

எட்டுப் பட்டன். ஒவ்வொன்றின் கீழும் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டி எழுதியிருக்கிறாள்: ஆர்கன், பியானோ, வயலின், புல்லாங்குழல், வீணை, தவில், மணி, கோரஸ். எட்டாவதை அமுக்கினால் பெட்டி பெண்பிள்ளைகள் குரலில் "ஆ" என்று பாடுகிறது. தொண்டை இல்லை, நாக்கு இல்லை, எச்சில் விழுங்குவதில்லை, பாடுகிறது. எனக்கு ஓங்கரித்தது.

அதைவிடப் பெரிய கூத்து நாலாவது. புல்லாங்குழலாம். பட்டனை அமுக்கி வலது கை விரலை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பாடகர் குழுவில் எல்லாரும் "அடடா" என்று தலையை ஆட்டினார்கள். என் அண்ணன் மகள் ஜெனிட்டாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஐயரம்மா வாசிக்கிறாள் என்பதற்காக இல்லாத சத்தத்துக்குத் தலையாட்டுகிற கூட்டம்! நான் ஆட்டவில்லை.

ஆகஸ்ட் ஒன்பது நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. கீர்த்தனையின் சரணத்தை இருபத்திரண்டு வருஷமாக ஒற்றைக் குரலில் நான்தான் பாடுகிறேன். இந்த வருஷமும் அதைக் குறைவில்லாமல் நடத்தித் தாரும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூலை 6, திங்கள்

வீட்டுக்காரர் சாளை மீன் வாங்கி வந்தார். வயிறு உடைந்த மீன். பஸ் கண்டக்டராக முப்பத்தொரு வருஷம் சில்லறையைப் பார்த்தே கண் போய்விட்டது போல. பூனைக்குப் போட்டேன், பூனையும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

ஜூலை 8, புதன்

பாட்டுப் பழகப் போனேன். வாத்தியம் மாற்றுவதற்குக் காலால் மிதிக்கிற ஒரு மிதி இருந்ததாம், ஐயர் வீட்டு எலி அதன் வயரைக் கடித்துத் துப்பிவிட்டது. இரண்டு கையும் வாசிப்பில் இருக்கும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை மாற்ற ஆள் வேண்டும்.

"ஆன்ட்டிக்குத்தான் எல்லாப் பாட்டும் தலைகீழாத் தெரியும். நான் தலையை ஆட்டுனதும் நம்பரை அமுக்கிடுங்க. ஒரு தடவை தொட்டாப் போதும்."

பாடுகிறவளைப் பட்டன் அமுக்க வைத்துவிட்டாள். "என் அத்தைக்கு அந்த வேலை ரொம்பப் பொருத்தம்" என்று ஜெனிட்டா வேறு. அவளை முறைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை. மெல்லுகிற மாதிரி பேசுகிறார்கள்.

இனிமேல்தான் விஷயம். சரணத்தைப் பாடிக் காட்டினேன். முடிந்ததும் ஐயரம்மா என் தோளைத் தொட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "குரல் கணீர்னு இருக்கு ஆன்ட்டி. உறுதிதான் கொஞ்சம் கம்மியா இருக்கு. மேல போகப் போகக் குறையுது."

உறுதி! என் விசுவாசத்தின் உறுதி! இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்துவிட்டு மறு ஞாயிறே முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து, வயது மேலே போகப் போக உறுதி குறைகிறதாம்.

"என் உறுதியப் பத்தி நீங்க வெசனப்படாதீங்கம்மா. சபையில திடப்படுத்தல் எடுத்த நாள்ல இருந்து அது அசைஞ்சதில்ல" என்றேன்.

அவள் விழித்தாள். மாட்டிக்கொண்ட முழி.

ஜூலை 9, வியாழன்

பகல் வரை உபவாசம். என் உறுதியைத் தேடிப் பார்த்தேன். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜூலை 12, ஞாயிறு

அவமானம். என் தப்பு இல்லை, ஆனால் அவமானம்.

பாவ அறிக்கை முடிந்து எல்லாரும் முழங்காலில் நிற்கிற நேரம். ஐயரம்மா தலையை ஆட்டினாள், நாலு. அமுக்கினேன். சத்தம் இல்லை. அவள் விரல்கள் மட்டும் போகின்றன. திரும்ப அமுக்கினேன். இல்லை. பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கடைசியில் ஆறை அமுக்கிவிட்டேன். புல்லாங்குழலுக்கு ஆடிக்கொண்டிருந்த அதே விரலில் டமடம டும் டும் என்று தவில் இறங்கியது. முழங்காலில் நின்ற சபை துள்ளி எழுந்தது. மேரி அக்காவின் பேரன் கல்யாண வீடு என்று நினைத்துச் சாப்பாடு கேட்டானாம்.

வெளியே வந்ததும் சொன்னேன். "அம்மா, அந்த நாலாம் பட்டன் வேல செய்யல. நாலு தடவ அமுக்கிட்டேன்."

ஐயரம்மா ஜெனிட்டாவைப் பார்த்தாள். ஜெனிட்டா தரையைப் பார்த்தாள்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள் ஐயரம்மா. "அந்தப் பட்டன் ரிப்பேருதான். நான் பாத்துக்கிறேன்."

பார்த்தீரா? முதல் நாளே நான் கண்டுபிடித்தது. அத்தனை பேர் தலையாட்டினார்களே, ஒருத்திக்காவது வெட்கம் வந்ததா?

ஜூலை 14, செவ்வாய்

வீட்டுக்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது. நான் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். திரும்பினால், கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பழைய கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டிருக்கிறார். சும்மா வாயில் வைத்திருக்கிறார், ஊதவில்லை. பிறகு ஏனோ கோழி எல்லாம் சிறகடித்துக் கூரையில் ஏறின.

"என்ன விளையாட்டு இது, அறுபது வயசுல?" என்றேன்.

"ஒண்ணுமில்லளா" என்று கத்தினார். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கத்துகிறார். விசிலைத் துடைக்காமல் சட்டைப்பையில் போட்டார். எச்சில் வழிந்தது. சீ.

ஜூலை 18, சனி

முருங்கைக்காய் கொடுக்கிற சாக்கில் ஐயர் வீட்டுக்குப் போனேன். ரிப்பேர் பார்த்தாளா என்று தெரிந்தாக வேண்டும். எலி நாற்றம் நடையிலேயே வந்தது. பெட்டி சாப்பாட்டு மேசையில், ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கு அவ்வளவுதான் மரியாதை.

"அம்மா, நானே ஒரு தடவ தட்டிப் பாக்கட்டுமா?"

"பாருங்க ஆன்ட்டி."

நாலை அமுக்கிவிட்டு இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டினேன். புல்லாங்குழல் வந்தது ஆண்டவரே! மூங்கிலில் காற்று போகிற சத்தம், நல்ல சத்தம். ஒத்துக்கொள்கிறேன். பாதி தாண்டியதும் மெலிந்தது. அதற்கு மேல் வலப்பக்கம் முழுக்கச் செத்த கட்டை. அவளுடைய இரண்டு வயதுப் பையன் மேசைக்குக் கீழே நின்றுகொண்டு, நான் செத்த கட்டையைத் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் கை தட்டினான். குழந்தைக்கு விரல் ஆட்டமே போதும்.

"வலப்பக்கம் பூராவும் போயிருக்கும்மா. எலிதான் உள்ள பூந்திருக்கும்" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். சாமான் போன துக்கம். முதல் முறையாக எனக்கு அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ரசத்தில் ஈ விழுந்திருந்தது, எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 22, புதன்

இரக்கம் போயே போய்விட்டது.

இன்று என் சரணத்துக்குப் பழகினோம். ஆர்கன் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும், நான் வாயைத் திறப்பேன், உடனே அவள் தலையாட்டுவாள்: மூன்று. வயலின். ஒன்றல்ல, நூறு வயலின், கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் லாரி வந்த மாதிரி. என் வரி முடிந்ததும் திரும்ப ஒன்று, ஆர்கன். ஜெனிட்டா பாடுகிற வரிக்கு வயலின் கிடையாது. மற்றவர்கள் வரிக்கும் கிடையாது. நான் மேலே ஏறுகிற இடத்துக்கு மட்டும் மூன்று.

புரிகிறதா? என் குரலை மூடுகிற பட்டனை என் கையாலேயே அமுக்க வைக்கிறாள்.

கேட்டேன். "என் பாட்டுக்கு மட்டும் என்னத்துக்கும்மா இவ்வளவு வயலின்?"

"ஒரு நிறைவா இருக்கும்னுதான் ஆன்ட்டி." பிறகு மெதுவாக, "மேல போகும்போது உறுதி விலகுது. அதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா…"

இரண்டாம் தடவை. சாட்சிகளோடு. விலகுகிறதாம்!

ஜூலை 26, ஞாயிறு

ஸ்தோத்திரம்! இன்று ஜெயித்தேன்.

ஆராதனையில் என் சரணம் வந்தது. அவள் தலையாட்டினாள், மூன்று. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். திரும்ப ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். வயலின் இல்லை, ஆர்கனையும் அவள் பாதியில் விட்டுவிட்டாள். என் குரல் மட்டும் ஓட்டுக் கூரை வரைக்கும் போயிற்று.

சபை அப்படியே அடங்கியது. ஒருவர் தலையும் நிமிரவில்லை. ஐயர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெனிட்டா அழுதுவிட்டாள். எத்தனை நாளாயிற்று நம் சபையில் இப்படிப் பரிசுத்த அமைதி இறங்கி!

வீட்டுக்கு வரும் வழியில் வீட்டுக்காரர் பத்தடி முன்னாலேயே நடந்தார். சாப்பிடும்போது, "குழம்பு நல்லா இருக்குளா, ரொம்ப நல்லா இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு நான் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பே போட்டிருக்கவில்லை.

ஜூலை 29, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீர் அங்கே இருந்தீர், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

பண்டிகைக் கமிட்டி கூடியது. ஐயர் பேசிக்கொண்டிருந்தார், என்ன சொன்னார் என்று சரியாக விளங்கவில்லை, மின்விசிறிச் சத்தம். "சரணத்தை இந்த வருஷம் ஜெனிட்டா" என்கிற மட்டும் விளங்கியது. எழுந்துவிட்டேன்.

"எனக்கு இப்பக் காரணம் தெரியணும் ஐயா. ஐயரம்மா என்னைய விசுவாச உறுதி இல்லாதவன்னு ரெண்டு தடவ சொல்லியாச்சு. இருபத்திரெண்டு வருசம் பாடுன வாய் இது. எம் பிள்ளையள அடக்கம் பண்ணுன அன்னைக்கும் பாடுன வாய்."

ஐயரம்மா வெளிறிப்போய் எழுந்தாள். "ஐயோ ஆன்ட்டி! நான் அந்த வார்த்தையே சொல்லல. நான் சொன்னது உறுதி!"

"பாத்தியளா!" என்று கமிட்டியைப் பார்த்துக் கையை நீட்டினேன். "இப்பவும் உங்க முன்னால அதையேதான் சொல்லுதாவ!"

ஒருவர் முகமும் என் பக்கம் நின்றவர் முகமாக இல்லை. வீட்டுக்காரர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்போது ஜெனிட்டா பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்திரிச் சுருளிலிருந்து ஒரு துண்டு கிழித்து, மார்க்கரால் பெரிதாக எழுதி, என் உள்ளங்கையில் ஒட்டினாள்.

சுருதி.

வாய்விட்டுப் படித்தேன். "சுருதி." நாக்கு அந்த முதல் எழுத்தைச் சொல்வது பல்லில் தெரிந்தது. ஆனால் என் காதுக்கு வந்தது "உருதி"தான். என் வாயிலிருந்து போகிற எழுத்தே எனக்கு வந்து சேரவில்லை.

"எத்தன நாளாட்டி?" என்று கேட்டேன்.

"போன கிறிஸ்மஸ்ல இருந்து அத்த. மேல போகும்போது சுருதி எறங்கிருது. ஒங்களுக்கே தெரியல."

"நாலாம் பட்டன்?"

ஐயரம்மா குனிந்துகொண்டாள். "நல்லா இருக்கு ஆன்ட்டி. முதல்ல இருந்தே."

ஆக, எல்லாருக்கும் தெரியும். இவருக்குத் தெரியும், விசிலை ஊதித்தான் பார்த்திருக்கிறார். கோழிக்குக்கூடத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சபையில் இறங்கிய பரிசுத்த அமைதி என்னவென்று இப்போது எனக்கும் தெரிகிறது. அழுகின மீனைக்கூடக் கழுவிவிடலாம், ஆண்டவரே. ஊரே சேர்ந்து வைத்த பரிதாபம் கழுவக் கழுவ நாறுகிறது.

ஜூலை 30, வியாழன்

தோசைக்கு அரைத்தேன். உள்ளங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் பிசுபிசுப்பு போகவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வீட்டுக்காரர் காது டாக்டரிடம் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். அழுக்காகத்தான் இருக்கும் என்று பஸ்ஸில் ஜெபித்துக்கொண்டே போனேன். அழுக்கும் இருந்தது. புளியங்கொட்டை பருமனில், கறுப்பாக, இரண்டு. நர்ஸ் அதைத் தட்டில் வைத்து என்னிடமே காட்டினாள். என் உடம்பிலிருந்தா இது? கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால், "அவ்வளவுதானே? சரியாயிட்டா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

இல்லையாம். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டன் அமுக்குவதில் நான் இப்போது பழகிய ஆள் அல்லவா? முதலில் கேட்டது, அமுக்கினேன். கேட்டது, அமுக்கினேன். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் எதையோ திருப்பிக்கொண்டே இருந்தாள், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு நான் அவள் கையையே பார்த்தேன். கேட்காமல் அமுக்குவது பொய் என்பதால் அமுக்கவில்லை. அதையாவது கணக்கில் வைத்துக்கொள்ளும்.

மேல் சத்தம் எல்லாம் போய்விட்டது, இனி வராது, காதுக்கு மெஷின் வைக்கலாம் என்றார் டாக்டர். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார். தோல் நிறத்தில், யாரோ வெட்டிப்போட்ட காதுத் துண்டு மாதிரி. மறு வாரம் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

ஆகஸ்ட் 6, வியாழன்

ஜெனிட்டாவை வரச்சொல்லி, சரணத்தில் மூச்சு எடுக்கிற இடங்களைச் சொல்லிக் கொடுத்தேன். பாடிக் காட்டவில்லை. விரலால் மேசையில் தட்டிக் காட்டினேன்.

"நீங்களே பாடுங்க அத்த. வயலின் போட்டுக்கிடலாம்."

"வயலின வச்சு என்னைய மூடவா? அதுக்கு நான் வீட்டுலயே கெடப்பேன். மொதல்ல மூக்கச் சிந்துட்டி. சளி புடிச்ச தொண்டையில எந்தச் சரணம் ஏறும்?"

சிந்தினாள். என் முந்தானையில். சீ.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பண்டிகை நடந்து முடிந்தது. அசனச் சாப்பாட்டில் கறி வேகவில்லை, சோறு குழைந்துவிட்டது, வழக்கம்போல எல்லாரும் இரண்டு தடவை வாங்கினார்கள்.

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் ஐயரம்மா வந்து வாசலில் நின்றாள். "பட்டனுக்கு ஆள் இல்ல ஆன்ட்டி" என்றாள். முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். கத்தவில்லை. மிதியின் வயரை ஒட்டியாயிற்று என்று ஜெனிட்டா நேற்றே சொல்லிவிட்டாள். இவள் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இது பரிதாபமா வேறெதுவுமா என்று மோந்து பார்த்தேன், தெரியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு போனேன்.

சரணம் வந்தது. ஜெனிட்டா பாடினாள். அவள் கீழே பாடியது கேட்டது, மேலே ஏறியபோது வாய் மட்டும் தெரிந்தது. நான் தட்டிக் காட்டிய இடத்தில் மூச்சு எடுத்தாள். ஐயரம்மா தலையாட்டினாள், நாலு. ஒரு தடவை தொட்டேன், அவ்வளவுதான். அவள் விரல்கள் வலப்பக்கம் ஓடின. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சபையைப் பார்த்தேன். எல்லாரும் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை என் தலையும் ஆடியது. பொய்யாகத்தான் ஆட்டினேன், மன்னியும். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆட்டினேன்.

காதைச் செதுக்கினவர் நீர். எடுத்துக்கொள்ளும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்தால் என்ன? என்னிடம்கூட ஒருவரும் சொல்லவில்லையே, பட்டன் ரிப்பேர் என்றல்லவா சொன்னார்கள், இப்படியும் ஒரு சனம் செய்யுமா என்று உம்மிடம் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. எங்கள் அம்மாவுக்கு அப்போது என் இன்றைய வயது இருக்கும். ஒரு ஐப்பசி, மழை விட்ட சாயங்காலம். "ஏட்டி, இந்த வருசம் சில்வண்டே கத்தலியே, எங்க போச்சு எல்லாம்?" என்று கேட்டாள். காது கிழிகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன. நானும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஆமாம்மா, இந்த வருசம் அது வரல" என்று சொன்னவள் நான்தான்.